முகத்துக்கு வைத்த வெளிச்சம்

பனி முகாம், மணாலிக்கு மேலே
28 நவம்பர் 1976

அன்புள்ள கல்பகத்துக்கு அண்ணா புருஷோத்தமனின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். அம்மாவின் மூட்டு வலி தேவலையா? மாரேட்பள்ளியில் இப்போது எல்லோரும் ஸ்வெட்டரை எடுத்து உதறிப் போட்டுக்கொள்ளும் நேரம். இங்கே வந்து அதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வேலை தொடங்கிவிட்டது. மலைச் சரிவுகளில் பனி எவ்வளவு ஏறுகிறது, எந்த நிலையில் சறுக்குகிறது என்று பார்க்கத்தான் நம் லேப் எங்களை இந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே அனுப்பியிருக்கிறது. தினமும் அதே இடங்களில் நின்று படம் எடுக்க வேண்டும். அடி அளவு குறித்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஜகதீசன் பனியில் நிற்பான். நான் தள்ளி நின்று எடுப்பேன். உங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தானே, லாலாகுடா பையன், அவன்தான். நல்ல துணை. பனியை உருக்கி ரசம் வைக்கிறான்.

முதல் ரோல்கள் ஆபீஸ் தபாலில் உன் போட்டோ செக்‌ஷனுக்கு வருகின்றன. வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே கழுவி பிரிண்ட் போடு.

சென்னை பாங்க் வரனுக்கு ஜாதகம் அனுப்பும்படி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உனக்கு முப்பது ஆகப்போகிறது. உன் கல்யாணம் முடியாமல் நான் என் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பதாக இல்லை. இந்தத் தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஜகதீசன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொன்னான்.

உன் அண்ணா,
புருஷோத்தமன்


மாரேட்பள்ளி, செகந்திராபாத்
12 டிசம்பர் 1976

அன்புள்ள அண்ணாவுக்குக் கல்பகத்தின் நமஸ்காரம். அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை, மாடிப்படிதான் ஆகவில்லை. நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

ரோல்களைக் கழுவினேன். கோபித்துக்கொள்ளாதே. பனி எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. எங்கள் செக்‌ஷன் ஆரோக்கியமேரி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கல்பகம், உங்க அண்ணன் பனியை எடுத்தாரா, சிமென்ட் பாக்டரியை எடுத்தாரா?" என்றாள்.

உன் மேல் தப்பில்லை. நீ மீட்டர் சொன்னபடி வைத்திருக்கிறாய். மீட்டருக்குப் பனி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக நினைத்துத்தான் கணக்குச் சொல்லும். இவ்வளவு வெள்ளையைக் காட்டினால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று பயந்து குறைத்துவிடும். ஆகவே அது லென்ஸ் துவாரத்துக்குப் பதினாறு என்றால் நீ இரண்டு ஸ்டாப் கூடத் திறந்து எட்டு வை. ஷட்டரை மாற்றாதே. மத்தியான வெயிலில் எடுக்காதே. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பனியின் மேடு பள்ளம் தெரியும். சந்தேகமாக இருந்தால் கையுறையைக் கழற்றி உள்ளங்கைக்கு மீட்டர் வைத்துப் பார்.

இன்னொன்று. கம்பம் பிடித்திருப்பவர் வெறும் கறுப்பு உருவமாக விழுந்திருக்கிறார். ஆள் யார் என்றே தெரியவில்லை. உள்ளே கம்பளி போட்டிருக்கிறாரா, இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ஜாதகத்தை அம்மா அனுப்பிவிட்டாள். மற்றவை பின்னர்.

வணக்கத்துடன்,
கல்பகம்


பனி முகாம்
27 டிசம்பர் 1976

கல்பகத்துக்கு ஆசிகள். இங்கே இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உதடு மட்டும் வெடித்திருக்கிறது. வெண்ணெய் தடவிக்கொள்கிறேன்.

உன் பாடத்தைப் படித்ததும் முதலில் எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. காலேஜில் படம் எடுத்துப் பரிசு வாங்கியவன் நான். கடிதத்தை ஜகதீசனிடம் படித்துக் காட்டினேன். சிமென்ட் பாக்டரி என்றதும் அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "சார், அவங்க சொன்னபடி கேளுங்க. ஹைதராபாத்ல இருந்தே நம்ம மீட்டரை மிரட்டறாங்க" என்றான்.

அதன்படியே செய்தேன். எனக்குக் காமிராவும் மீட்டருமாகக் கை நிறைந்திருப்பதால் அவனே கையுறையைக் கழற்றி வெயிலில் கையை நீட்டுகிறான். நான் மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை அப்படியே நிற்கிறான். விரல் நீலம் பாய்ந்துவிடுகிறது. 'போதும்டா' என்றால் 'சரியா பாருங்க சார்' என்கிறான். இந்த ரோல்கள் எப்படி வந்திருக்கின்றன என்று உடனே எழுது.

உள்ளே அவனுடைய அம்மா பின்னிய பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டிருந்தாயே.

மாசியில் சென்னைக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக அம்மா எழுதியிருக்கிறாள். சந்தோஷம். நான் இல்லாத குறை தெரியாமல் நடத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
புருஷோத்தமன்


மாரேட்பள்ளி
10 ஜனவரி 1977

அன்புள்ள அண்ணா, நமஸ்காரம். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மா உனக்காகப் பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அனுப்பத்தான் வழி தெரியவில்லை.

படங்கள் பிரமாதம். பனி பனியாக இருக்கிறது. காற்று இழுத்த வரிகள், பொருக்கு, காலடி ஒவ்வொன்றும் தெரிகிறது. எங்கள் ஆபீசர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு ரோலில் மட்டும் மின்னல் கீற்று மாதிரிக் கோடுகள் விழுந்திருக்கின்றன. காய்ந்த குளிரில் பிலிமை வேகமாகச் சுற்றினால் பொறி பறக்குமாம். நிதானமாகச் சுற்று. வெளியிலிருந்து வந்த காமிராவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, உள்ளே வேர்த்துவிடும்.

ஒரு படம், ஒரே ஒரு படம், ரிப்போர்ட்டுக்கு இல்லாமல் எடுக்க முடியுமா? முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து. மீட்டரைக் கிட்டக் கொண்டுபோய் முகத்தில் வைத்துப் பார்த்து, அதன்படி எடு. பின்னால் பனி வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும், போகட்டும். ஜகதீசன் அம்மா இங்கே லாலாகுடாவில்தான் இருக்கிறார்கள். கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று தோன்றியது.

அண்ணா, இந்தச் சென்னை வரனைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி அம்மாவுக்கு எழுதேன். நான் சொன்னால் அழுகிறாள். காரணத்தை நீ வந்ததும் சொல்கிறேன்.

உன் தங்கை,
கல்பகம்


பனி முகாம்
24 ஜனவரி 1977

கல்பகத்துக்கு நிறைய ஆசீர்வாதம். சௌக்கியம், சௌக்கியம்.

நாலு நாளாக ரோடு மூடியிருந்தது. இன்று ஒரு மிலிட்டரி லாரி கீழே போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சென்னை வரன் வேண்டாம் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். ஏன் என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை, உனக்கும் இப்போது சொல்லப்போவதில்லை. ஏப்ரலில் நாங்கள் வருவோம், அப்போது பேசிக்கொள்ளலாம். நீ நன்றாகச் சாப்பிட்டு, நிம்மதியாக இரு.

நீ கேட்ட படத்தை எடுத்தாகிவிட்டது. ரோல் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் அனுப்புகிறேன். இன்று வெயில் பிரமாதமாக இருக்கிறது. மனசும் அப்படித்தான் இருக்கிறது.

புருஷோத்தமன்


பனி முகாம்
9 பிப்ரவரி 1977

அன்புள்ள கல்பகத்துக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லிவிடு.

லேபுக்குத் தந்தி போயிருக்கும். உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். ஜகதீசன் போய்விட்டான். இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் வழக்கம்போல் கம்பத்தோடு மேலே ஏறினான். நான் கீழே காமிராவைத் திறந்துகொண்டிருந்தேன். சரிவு முழுக்க ஒரு கோடு விழுந்தது. அப்புறம் எல்லாம் ஒன்றாக இறங்கிவிட்டது. நான் கத்தினேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஜவான்கள் கம்பிகளால் குத்திக் குத்தித் தேடி மறுநாள் எடுத்தார்கள். முகத்தில் காயம் எதுவும் இல்லை.

கீழே ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. அவன் அப்பாவால் வர முடியவில்லை, நான்தான் செய்தேன். அஸ்தியை லேபிலிருந்து வந்த ஆள் கொண்டுவருகிறார். எனக்கும் திரும்பிவிடத்தான் ஆசை. சீசன் முடியும்வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்பகம், நீ கொஞ்ச நாள் லீவு போடு. போட்டோ செக்‌ஷன் வேலை எங்கேயும் ஓடிவிடாது. வேளைக்குச் சாப்பிடு. அம்மா எதற்காவது கோபித்தால் பதில் பேசாதே. நான் வரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா


மாரேட்பள்ளி
15 மார்ச் 1977

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மா நலம். தெருவெல்லாம் எலெக்‌ஷன் சத்தம், வேறு விசேஷம் இல்லை.

லீவு போடச் சொல்லியிருந்தாய். எதற்கு லீவு? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அஸ்தி வந்த அன்று ஆபீசிலிருந்து எல்லோரும் லேப் பஸ்ஸில் லாலாகுடா போனோம். நானும் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் இடம் சின்னது. பெண்கள் உள்ளே போனார்கள். நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன்.

பிப்ரவரி ரோல்களைக் கழுவி முடித்தேன். எக்ஸ்போஷர் சரியாக இருக்கிறது. புதிதாகக் கம்பம் பிடிக்கும் ஆள் குட்டை. அவர் கம்பத்தைச் சாய்த்துப் பிடிப்பதால் அளவு தப்பாகிறது. நேராகப் பிடிக்கச் சொல். மேகம் மூடிய நாட்களில் நிழலே விழாது. அன்றைக்கு ஒன்றரை ஸ்டாப் திறந்தால் போதும். மஞ்சள் பில்டர் போட்டால் வானத்துக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

கல்பகம்


பனி முகாம்
28 மார்ச் 1977

அன்புள்ள கல்பகத்துக்கு ஆசிகள். உன் கடிதம் வந்தது. பலமுறை படித்தேன்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. அழுக்கும் கல்லும் தெரிகிறது. நீ சொன்ன கணக்கு அழுக்குப் பனிக்குப் பொருந்தவில்லை, ஒரு ஸ்டாப் போதுமென்று வைத்து எடுத்திருக்கிறேன். சரிதானா பார். மீட்டர் வைக்க இப்போது என் கைதான்.

சீசன் மே கடைசிவரை நீள்கிறது. இரவில் தூங்குகிறாயா? கொஞ்சம் இளைத்திருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். ஏதாவது டானிக் வாங்கிக் குடி. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால், எதை வேண்டுமானாலும் எழுது.

உன் அண்ணா


மாரேட்பள்ளி
9 ஏப்ரல் 1977

அண்ணாவுக்கு,

நமஸ்காரம். இந்தக் கடிதத்துக்கு வீட்டு விலாசத்தில் பதில் எழுதாதே. அம்மா பிரித்துப் படிப்பாள். ஆரோக்கியமேரி அக்கா வீட்டு விலாசத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

சென்னைக்காரர்கள் மறுபடி கேட்டனுப்பியிருக்கிறார்கள். அம்மா உனக்கு எழுதினாளாம்; நீ இந்த வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று பதில் போட்டாயாம். நேற்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "ஏண்டி, நவம்பர்ல தாவித் தாவி அவசரப்படுத்தினவன் அவன். ஜனவரியிலேர்ந்து வாய தெறக்காதேங்கறான். உங்க ரெண்டு பேருக்குள்ள என்னதான் நடக்கறது?" பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அண்ணா, ஜகதீசனும் நானும் கல்யாணம் பண்ணிக்கொள்வதாக இருந்தோம். இரண்டு வருஷமாக. அவர் படம் வாங்க வரும் சாக்கில் செக்‌ஷனுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்திராபாத் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் வேறு, நாம் வேறு. அவர் அப்பா ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். உன்னை நம்பித்தான் இருந்தோம். "உங்க அண்ணன்கிட்ட மலையில வெச்சுக் கேட்டுடறேன். அங்கதான் கோவிச்சுக்கிட்டு எழுந்து போக எடம் கிடையாது" என்றார். அங்கிருந்து எனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் அம்மா பிரிப்பாள், ஆபீஸில் நாலு கை மாறும்.

அதனால் அவர் கேட்டாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்று லாலாகுடாவில் வாசற்படியைத் தாண்டி உள்ளே போக எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. ஆபீஸ் பெண்களோடு நின்றுவிட்டு, ஆபீஸ் பெண்களோடு பஸ் ஏறினேன். பிரிண்ட் போடும் தட்டில் அவர் உருவம் எழுந்து வரும்போதெல்லாம் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். அழக்கூட முடியவில்லை அண்ணா.

அவர் உன்னிடம் கேட்டாரா? கேட்காமலே போயிருந்தாலும் சொல்லிவிடு. நீ என்ன பதில் சொல்லியிருந்தாலும் சரி, நான் தாங்கிக்கொள்வேன்.

கல்பகம்


பனி முகாம்
24 ஏப்ரல் 1977

என் அருமைக் கல்பகத்துக்கு,

கேட்டான்.

ஜனவரியில் ரோடு மூடி நாங்கள் அறைக்குள் அடைந்திருந்த ஒரு மத்தியானம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்க தங்கச்சிய எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்கும் என்னைப் புடிச்சிருக்கு. நாங்க வேற ஆளுங்கன்னு தெரியும். ஹவ்வோ நக்கோவோ, சரியோ இல்லையோ, இப்பவே ஒண்ணு சொல்லிடுங்க. ஏப்ரல் வரைக்கும் உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கணும் நான்" என்றான்.

அம்மா, மாரேட்பள்ளி, சித்தப்பாக்கள் எல்லோரும் கண் முன்னால் வந்து போனார்கள். அப்புறம் உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றிலும் கம்பம் பிடித்தவரைப் பற்றி ஒரு வரி. 'அட அசடே, இது எனக்குத் தெரியவில்லையே' என்று என்னையே திட்டிக்கொண்டேன். "ஹவ்" என்றேன்.

அவன் நம்பவில்லை. "அம்மாகிட்ட யார் சார் சொல்றது?" என்றான். "நான் சொல்றேன்டா. அதுக்குத்தானே அண்ணான்னு ஒருத்தன் இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான், மேல்கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடிப் பனியில் விழுந்து புரண்டான். உள்ளே இழுத்து வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அன்றைக்கே உனக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான். "எழுதாதீங்க சார். நான் நேர்ல சொல்லணும். அவங்க முகம் எப்படி மாறுதுன்னு பாக்கணும்." அதனால்தான் எழுதவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவன் போன பிறகு எப்படி எழுதுவது? எழுதினால் அம்மா படிப்பாள். அதோடு, நீயாகச் சொல்லாதபோது நான் அதைத் தொடலாமா என்றும் தெரியவில்லை. தெரியாதவன் மாதிரி இருந்தால் உனக்கு ஒரு பாரம் குறையும் என்று நினைத்தேன். நீ எனக்கு மேகத்தையும் பில்டரையும் எழுதினாய்; நானும் அதையே எழுதினேன். ஆற்றங்கரையில் கொள்ளி வைத்தபோது மைத்துனனுக்குச் செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நீ கேட்ட படம் உள்ள ரோலை ரிஜிஸ்டர் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு நாள் பெட்டியிலேயே கிடந்தது. அவன் ஹவ் வாங்கிய மறுநாள் வெயிலில் எடுத்தது. மீட்டரை அவன் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். "சிரிக்காதேடா, ஆடும்" என்றேன். எங்கே கேட்டான்.

சரியாக விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணா,
புருஷோத்தமன்


மாரேட்பள்ளி
16 மே 1977

அன்புள்ள அண்ணாவுக்கு உன் தங்கையின் நமஸ்காரம். நீ நலமாகத் திரும்பி வர வேண்டும்.

ரோல் வந்தது. ஆரோக்கியமேரி அக்கா எல்லோரையும் டீ குடிக்க அழைத்துக்கொண்டு போய், இருட்டறையை எனக்கு விட்டுவிட்டாள். நெகடிவில் பனி முழுக்க ஒரே கறுப்பு, பிரிண்டில் வெறும் வெள்ளைத் தாள். முகம் மட்டும் இருக்கிறது. புருவத்தில் ஒட்டிய பனித்துகள், வெடித்த உதடு, பச்சை ஸ்வெட்டரின் கழுத்துப் பின்னல் எல்லாம் தெரிகிறது. கொஞ்சம் ஆடித்தான் இருக்கிறார். பரவாயில்லை. நீ எடுத்த படங்களிலேயே இதுதான் நல்ல படம். அன்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்துத்தான் பெரிதாகப் போட்டேன்.

நேற்று ஞாயிறு. மேரி அக்கா வீட்டுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு லாலாகுடா போனேன். அவர் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். "லேப்லேர்ந்து வர்றேன். ஒரு படம் கொண்டு வந்திருக்கேன்" என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். விரலால் ஸ்வெட்டரைத் தடவினார்கள்.

"பனியில இருக்கான்னாங்களே. பனி எங்க? வெள்ளைத் துணி கட்டி எடுத்த மாதிரி இருக்கு" என்றார்கள். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் பனி தெரியாது என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். கண் படத்திலேயே இருந்தது.

"இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. யாரைப் பாத்துச் சிரிக்கறான்?"

அண்ணா, நீ காமிராவோடு எதிரே நின்றிருந்தாய். உன்னைப் பார்த்து என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவும் இருந்திருக்காது. வழியெல்லாம் அப்படித்தான் ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"என்னைப் பாத்துத்தாம்மா" என்றேன்.

அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நெற்றி, கழுத்து, கை என்று மெல்லப் பார்த்தார்கள். எழுந்தார்கள். வாசலைக் காட்டிப் போ என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அரிசி களைந்த ஈரம் கையில் இருந்தது. பிடித்தபடியே உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்கள்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. யாரு வந்திருக்கான்னு பாருங்க."

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நம் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்ததும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து சொல்லிவிடலாம். பத்திரமாக இறங்கி வா.

கல்பகம்